குலாஷ் சரியாக வரவில்லையா? அறிகுறி வாரியாக ஒரு சரிபார்ப்பு

கறியும் பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்ப் பொடியும் சேர்த்துச் சூப்பாக வைக்கும் ஹங்கேரிய குலாஷில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், அடுப்பைப் பற்றவைத்த முதல் அரை மணி நேரத்திலேயே நடந்து முடிந்துவிடும். அது நமக்குத் தெரிவதோ இரண்டு மணி நேரம் கழித்து, கரண்டியில் எடுத்து ருசி பார்க்கும்போது. அப்போது கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுச் சரிக்கட்டப் பார்ப்பார்கள்: கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் சோளமாவு, கொஞ்சம் கரம் மசாலா. பெரும்பாலும் அது இன்னும் மோசமாகும். எனவே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் எங்கே தவறியது என்று பார்த்துவிட்டு, பிறகு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

ஒப்பிட்டுக்கொள்ள ஓர் அளவு இருக்கட்டும். ஐந்து பேருக்கு: 1 கிலோ கறி, 400 முதல் 500 கிராம் வெங்காயம், 3 மேசைக்கரண்டி கொழுப்பு, 3 மேசைக்கரண்டி இனிப்பு பாப்ரிகா (காரமில்லாத ரகம், 20 கிராம் அளவுக்கு வரும்), 1 தேக்கரண்டி சீமைச் சோம்பு (கேரவே), 2 பல் பூண்டு, 1 தக்காளி, 1 வெளிர் பச்சைக் குடைமிளகாய், 600 கிராம் உருளைக்கிழங்கு, 2 கேரட், ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்பு. வெங்காயத்தைக் கொழுப்பில் வதக்கி, அடுப்பிலிருந்து இறக்கி பாப்ரிகா சேர்த்து, உடனே கறியைப் போட்டு, அது விடும் நீரிலேயே வேகவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் தண்ணீரும் காய்களும் சேர்ப்பது. வரிசை இவ்வளவுதான்.

கசக்கிறது

பாப்ரிகா கருகியிருக்கிறது. இதுதான் குலாஷில் அதிகம் நடக்கும் விபத்து. நம் சமையல் பழக்கம் உள்ளவர்களுக்கு இது எளிதில் நடந்துவிடும். குழம்புக்குப் பொடியைப் போட்டுப் பச்சை வாசனை போகும் வரை, எண்ணெய் பிரியும் வரை வதக்குவோம் இல்லையா, அதே கை இங்கேயும் போகும். பாப்ரிகா அதைத் தாங்காது. பழுத்துச் சிவந்த மிளகாயைக் காயவைத்து நைசாக அரைத்த பொடி அது. இயற்கையான சர்க்கரை அதில் நிறைய உண்டு. சூடான கொழுப்பில் வெறுமனே விழுந்தால் சில நொடிகளில் சிவப்பு செங்கல் நிறமாகும், அடுத்து பழுப்பாகும், பழுப்பானதும் கசப்பு ஏறிவிடும்.

சரியான முறை இப்படி: வெங்காயம் வெந்ததும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வையுங்கள். தணலைக் குறைத்தால் மட்டும் போதாது, இறக்கியே ஆகவேண்டும். அரை நிமிடம் சூடு தணியட்டும். பாப்ரிகாவைத் தூவி, இரண்டு மூன்று முறை கிளறி, கொழுப்பு முழுக்கச் சிவந்ததும் கறியை அப்படியே போடுங்கள். கறி ஈரமாக இருப்பதால் சூடு உடனே இறங்கிவிடும். பயமாக இருந்தால் கால் தம்ளர் தண்ணீரையும் சேர்த்து ஊற்றிக்கொள்ளுங்கள். ஹங்கேரியில் திறந்தவெளியில் விறகுத் தீயின் மேல் போக்ராச் என்ற கொப்பரையைத் தொங்கவிட்டுச் சமைப்பவர்களும், பாப்ரிகா போடும் நேரத்தில் கொப்பரையைத் தீயிலிருந்து விலக்கிவிடுவார்கள்.

கசப்பு வந்தபின் மாற்று கிடையாது. சர்க்கரை போட்டால் கசப்பும் இனிப்புமாக இரண்டும் நிற்கும். கறியைப் போடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் வெங்காயத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். போவது அரை கிலோ வெங்காயமும் இருபது நிமிடமும்தான். கறி சேர்த்தபின் தெரிந்தால், கசப்பு லேசாக இருக்கும்பட்சத்தில், கறியை மட்டும் எடுத்து வெந்நீரில் அலசி, புதிய வெங்காயத்தில் போட்டு மீட்கலாம்.

பாப்ரிகா கருகவில்லை, ஆனாலும் லேசான கசப்பு என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, வெங்காயத்தின் ஓரங்கள் பிரியாணிக்கு வறுப்பதுபோலக் கறுத்திருக்கலாம். இன்னொன்று, சீமைச் சோம்பு அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். 1 கிலோ கறிக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

நிறம் மங்கி, பழுப்பாக நிற்கிறது

முதலில் டப்பாவைச் சந்தேகியுங்கள். பாப்ரிகாவின் சிவப்பு வெளிச்சத்திலும் காற்றிலும் சீக்கிரம் போய்விடும். கண்ணாடி பாட்டிலில் அடுப்புக்கு மேல் அலமாரியில் ஆறு மாதம் இருந்த பொடி, வைக்கோல் வாசனைதான் தரும். சோதித்துப் பார்ப்பது எளிது: ஒரு சிறு கிண்ணத்தில் ஒரு கரண்டி வெதுவெதுப்பான எண்ணெய் எடுத்து அதில் அரைத் தேக்கரண்டி பொடியைக் கலக்கி ஒரு நிமிடம் விடுங்கள். நல்ல பொடியென்றால் எண்ணெய் செக்கச்செவேல் என்று மாறும், இனிப்பான மிளகாய் மணம் எழும். எண்ணெய் மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் அந்தப் பொடியை நம்பி குலாஷ் வைக்க வேண்டாம். வாங்கும்போது சிறிய பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாமல், இருட்டில் அல்லது ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பொடி நல்லதாக இருந்தும் நிறம் வரவில்லையென்றால், அதைத் தண்ணீரில் போட்டிருப்பீர்கள். பாப்ரிகாவின் நிறம் கொழுப்பில்தான் கரையும். தண்ணீர் ஊற்றியபின் தூவினால் துகள் துகளாக மிதக்குமே தவிர, சாறு சிவக்காது.

அளவும் ஒரு காரணம். சமையல் குறிப்புகள் பலவற்றில் ஒரு தேக்கரண்டி என்று போட்டிருக்கும். அது போதவே போதாது. இந்த உணவில் பாப்ரிகாதான் சாறுக்கு நிறம், மணம், உடம்பு எல்லாமே. 1 கிலோ கறிக்கு மூன்று மேசைக்கரண்டி என்பது கஞ்சத்தனம் இல்லாத, ஆனால் மிகையும் இல்லாத அளவு.

இறுதியில் நிறம் ஏற்ற ஒரு வழி உண்டு: இரண்டு கரண்டி கொழுப்பைச் சூடாக்கி, இறக்கி, ஒரு தேக்கரண்டி நல்ல பாப்ரிகாவைக் கலந்து, தாளிப்பு கொட்டுவதுபோல மேலே ஊற்றி ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். முழுதாக ஈடாகாது என்றாலும் பார்வைக்கும் மணத்துக்கும் தெம்பு வரும்.

காரம் தாங்கவில்லை

பாப்ரிகா கிடைக்காமல் மிளகாய்த் தூளைப் போட்டிருக்கிறீர்கள். காஷ்மீரி மிளகாய்த் தூள் நிறத்தில் நெருங்கி வரும்; ஆனால் மூன்று மேசைக்கரண்டி போடும் பொருளாக அது ஆகாது. ஹங்கேரியப் பொட்டலங்களில் "ஏதெஷ்நெமெஷ்" என்று இருந்தால் அது இனிப்பு ரகம், குலாஷுக்கு அதுதான் வேண்டும். "எரோஷ்" என்று இருந்தால் காரம். செகெட், கலோச்சா என்ற ஊர்ப் பெயர்கள் பொட்டலத்தில் இருந்தால் நம்பி வாங்கலாம்; இரண்டும் பாப்ரிகாவுக்கே பேர்போன ஊர்கள், அவற்றின் பொடிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் உண்டு.

பாப்ரிகா கிடைக்கவே இல்லை என்றால், காஷ்மீரி அல்லது பியாடகி மிளகாயைக் கிள்ளி, விதையையும் உள்ளே இருக்கும் வெளிர் நரம்பையும் முழுக்க எடுத்துவிட்டு, தோலை மட்டும் நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். மிளகாயின் காரம் பெரும்பாலும் அந்த நரம்பில்தான் இருக்கிறது.

இப்போது சட்டியில் இருக்கும் காரத்துக்கு: தண்ணீரும் உருளைக்கிழங்கும் கூட்டுங்கள், ரொட்டியோடு பரிமாறுங்கள். காரம் பிடித்தவர்களுக்காகச் சாறிலேயே காரம் ஏற்ற வேண்டியதில்லை. ஹங்கேரியிலும் காரத்தை மேசையில்தான் வைப்பார்கள். காய்ந்த சிறு மிளகாயோ, எரோஷ் பிஷ்தா என்ற காரமான மிளகாய் விழுதோ பக்கத்தில் இருக்கும், வேண்டியவர் வேண்டிய அளவு கலந்துகொள்வார்.

கறி ரப்பர் மாதிரி இருக்கிறது, அல்லது நார் நாராக வறண்டிருக்கிறது

இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். காரணம் வேறு வேறு.

கடித்தால் எதிர்த்து நிற்கிறது, ஜவ்வு அப்படியே இருக்கிறது என்றால் இன்னும் வேகவில்லை. அவ்வளவுதான், பதற வேண்டாம். குலாஷுக்கு ஏற்றது மாட்டின் காலின் கீழ்ப்பகுதிச் சதை, கழுத்து, தோள் போன்ற உழைத்த பகுதிகள். அவற்றில் உள்ள ஜவ்வு 70 டிகிரிக்கு மேலான சூட்டில் மெல்ல மெல்லக் கரைந்து சாறுக்குக் கொழகொழப்பைத் தரும். அதற்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். ஒன்றேகால் மணி நேரத்தில் எடுத்துப் பார்த்தால் ரப்பர்தான். மூடி வைத்து, மெல்லிய தீயில் விடுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஒரு பக்கமாகக் குமிழி வந்தால் போதும். அவசரம் என்றால் குக்கரில் 35 முதல் 40 நிமிடம். காய்களை அப்போது போடாதீர்கள், கறி வெந்து மூடியைத் திறந்தபின்தான்.

வாயில் நார் நாராகப் பிரிகிறது, ஆனால் ஈரமே இல்லை என்றால் கறி தேர்வில் தவறு. கொழுப்பும் ஜவ்வும் இல்லாத தொடைக் கறியை வாங்கியிருப்பீர்கள். அதை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் இன்னும் வறளும். அந்தச் சட்டியைக் காப்பாற்ற, கறியை எடுத்துச் சிறிதாக உதிர்த்து மறுபடி சாறில் போட்டு ஊறவிடுங்கள். அடுத்த முறை கறிக்கடையில் கேட்கும்போதே "எலும்பு இல்லாமல், ஆனால் ஜவ்வோடு" என்று சொல்லிக் கேளுங்கள். துண்டுகள் 3 சென்டிமீட்டர் இருக்கட்டும். சிறியதாக வெட்டினால் சாறு இறங்கிச் சக்கையாகிவிடும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஆட்டுக்கறியைத் தயங்காமல் எடுக்கலாம். ஹங்கேரியப் பெருஞ்சமவெளியில் கர்ட்ஸாக் என்ற ஊர், செம்மறியாட்டுக் கறியை இதே பாப்ரிகா முறையில் சமைப்பதற்குப் பெயர்பெற்றது. சப்பையும் கழுத்தும் நல்லது. நேரம் ஒன்றரை மணி போதும். கோழியில் செய்தால் நன்றாகவே இருக்கும், ஆனால் இந்த நேரக்கணக்கும் கொழகொழப்பும் அதற்குப் பொருந்தாது.

கறியைத் தனியாகப் பழுப்பாக வறுத்துப் போடவில்லையே என்று கவலை வேண்டாம். ஹங்கேரிய முறையில் அது இல்லை. வெங்காய பாப்ரிகாவில் கறி வெளுக்கும் வரை புரட்டுவதுதான் வழக்கம். ருசி வருவது அடுத்த கட்டத்தில்: கறி தன் நீரை விடும், அந்த நீர் வற்றும், கொழுப்பு மட்டும் சிவப்பாகப் பளபளத்து நிற்கும். கண்ணைவிடக் காது நன்றாகக் கண்டுபிடிக்கும் இடம் இது. களகளவென்று கொதிக்கும் ஓசை சன்னமாகி, சரசரவென்று பொரியும் ஓசையாக மாறும். அந்த நொடியில் அரைத் தம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியைச் சுரண்டிவிட்டு, மறுபடி வற்றவிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை. நமக்குப் பழகிய எண்ணெய் பிரியும் கட்டம்தான் இது, ஆனால் கறியும் நீரும் சேர்ந்தபின் வருகிறது. இதைத் தவிர்த்து எடுத்த எடுப்பிலேயே ஒன்றரை லிட்டரை ஊற்றியவர்களின் குலாஷ், எல்லாம் இருந்தும் ஏதோ குறைவதுபோல இருக்கும்.

தண்ணியாக இருக்கிறது

இது பல நேரம் கோளாறே இல்லை. மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்ப்பவர்கள் சமைத்த உணவு இது. ஹங்கேரியில் குலாஷ் கேட்டால் ஆழமான கிண்ணத்தில் ஸ்பூனோடு சூப்பாகத்தான் வரும். வெளிநாட்டு உணவகங்களில் குலாஷ் என்ற பெயரில் கிடைக்கும் கெட்டிக் குழம்பை ஹங்கேரியர்கள் பொர்கொல்ட் என்பார்கள். அதில் தண்ணீர் மிகக் குறைவு, உருளைக்கிழங்கும் இல்லை. புளிப்பு கிரீம் சேர்த்து வெளிர் நிறமாக இருந்தால் அது பாப்ரிகாஷ். வெங்காயமும் கறியும் சம எடை போட்டு, வெங்காயம் கரைந்தே கெட்டியாவது வியன்னா பாணி. நீங்கள் எதைச் செய்ய உட்கார்ந்தீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

சூப்தான் வேண்டும், ஆனால் சாறு வெறும் நீராக நாக்கில் ஒட்டாமல் ஓடுகிறது என்றால் வெங்காயம் குறைவு, அல்லது வெங்காயம் வேகவில்லை. பொடியாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, மூடி வைத்து, குறைந்த தீயில் 15 முதல் 20 நிமிடம் விட்டால்தான் அது கண்ணாடிபோல் ஆகி, பிறகு சாறில் தெரியாமல் கரையும். பெரிய துண்டாக வெட்டி ஐந்து நிமிடம் வதக்கிய வெங்காயம் கடைசிவரை தனியாகவே மிதக்கும்.

இப்போதைக்கு: மூடியைத் திறந்துவைத்து வற்றவிடுங்கள், வெந்த உருளைக்கிழங்கில் நான்கைந்து துண்டுகளை மசித்துக் கலந்துவிடுங்கள். சோளமாவும் மைதாவும் வேண்டாம் என்பேன். மாவு கலந்ததும் பாப்ரிகாவின் மணம் அமுங்கி, சாறு மந்தமாகிவிடும்.

மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கிறது

மிதக்கட்டும். சின்னச் சின்ன சிவப்பு வட்டங்கள் மிதப்பது நல்ல குலாஷின் அடையாளம். ஒரே படலமாக மூடியிருந்தால் மட்டும் கரண்டியால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். அதைக் கொட்டாமல் அடுத்த நாள் முட்டை பொரிக்க வைத்துக்கொள்ளலாம்.

நம்மூர்க் குழம்பு வாசனை வருகிறது

காரணம் சீரகம். பழைய குறிப்புகளில் சீரகம் என்று போட்டிருப்பதைப் பார்த்து நம் சீரகத்தைப் போட்டால் உணவு வேறு நாட்டுக்குப் போய்விடும். வேண்டியது சீமைச் சோம்பு. கேரவே என்று கேட்டால் பெரிய கடைகளில் கிடைக்கும். வளைந்த, கரும்பழுப்பு விதை. கிடைக்காவிட்டால் விட்டுவிடுவதே நல்லது. அதற்குப் பதில் சீரகமோ பெருஞ்சீரகமோ போடாதீர்கள்.

இஞ்சியும் தனியாத் தூளும் மஞ்சளும் இதில் கிடையாது. பூண்டு உண்டு, இரண்டு பல் போதும், நசுக்கி கறியோடு போடுங்கள். கொழுப்பில் பன்றிக் கொழுப்புதான் மரபு. இன்று ஹங்கேரிய வீடுகளில் சூரியகாந்தி எண்ணெயும் சகஜம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் மூன்றும் தங்கள் மணத்தை முன்னே நிறுத்திவிடும். வெளிர் பச்சைக் குடைமிளகாய் கிடைக்காத இடத்தில் காரமில்லாத பஜ்ஜி மிளகாய் நன்றாகப் பொருந்தும். பச்சைக் குடைமிளகாயைவிட அதுவே நெருக்கம்.

தக்காளி சாஸ் மாதிரி புளிக்கிறது

தக்காளி அதிகம். ஒரு சட்டிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மக்ரோனியும் தக்காளி விழுதும் கொத்துக்கறியும் சேர்த்து அமெரிக்காவில் செய்யும் ஒன்றுக்கும் குலாஷ் என்று பெயர் இருப்பதால் குறிப்புகள் கலந்துபோகின்றன. புளிப்பைக் குறைக்க இன்னொரு உருளைக்கிழங்கும் தண்ணீரும் சேர்த்து, உப்பைச் சரிபாருங்கள்.

உருளைக்கிழங்கு கரைந்துவிட்டது, அல்லது வேகவே இல்லை

கரைந்தது என்றால் சீக்கிரம் போட்டிருக்கிறீர்கள். கறி கிட்டத்தட்ட வெந்தபின், கடைசி 25 நிமிடத்தில் போட வேண்டியது அது. கேரட்டை ஐந்து நிமிடம் முன்னால் போடுங்கள்.

வேகாமல் நறுக் நறுக்கென்று நின்றால் மறுபடி தக்காளிதான் காரணம். புளிப்பான சாறில் காய் மெத்தென்று ஆக நேரம் பிடிக்கும். காத்திருப்பதே வழி.

சைவ குலாஷ் சப்பென்று இருக்கிறது

கறியை எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்தால் இதுதான் நடக்கும். கறி தந்த மூன்று விஷயங்கள் சட்டியை விட்டுப் போய்விட்டன: கொழகொழப்பு, கொழுப்பு, ஆழமான ருசி. அவற்றை வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும்.

ஹங்கேரியர்களே சைவமாகச் செய்வது உண்டு. ஹமிஷ்குயாஷ் என்பது கறியில்லாத குலாஷ். அடிப்படை அதே வெங்காயமும் பாப்ரிகாவும் சீமைச் சோம்பும். கறி இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு, கேரட், நூல்கோல் போன்ற காய்கள். நூல்கோல் நமக்கு எளிதில் கிடைக்கும், அவசியம் போடுங்கள். வெந்தபின்னும் வடிவம் குலையாமல், லேசான இனிப்போடு நிற்கும். காளானை மட்டும் வைத்துச் செய்யும் பொர்கொல்ட் உண்டு. பயறு போட்ட குலாஷும் உண்டு, அது வழக்கமாகப் புகையூட்டிய பன்றிக்கறியோடு வரும். கறியைத் தவிர்த்தாலும் பயறே சாறைத் தாங்கும்.

என் தேர்வு ராஜ்மாவும் காளானும் சேர்ந்தது. காளானை முதலில் தனியாக, அகலமான வாணலியில், உப்புப் போடாமல், நெருக்கியடிக்காமல் வறுங்கள். நீர் முழுக்க வற்றி, வெட்டிய பக்கம் பழுப்பான பிறகுதான் எடுக்க வேண்டும். நேரே சாறில் போட்ட காளான் வழவழவென்று ஊறிப்போய் எந்த ருசியும் தராது. ராஜ்மாவை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, குக்கரில் நன்றாக வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டும். மெதுவாகச் சூடேறும் ஸ்லோ குக்கரில் நேரே போடவே கூடாது. வேகவைத்த நீர்தான் உங்கள் சாறு, அதைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். தக்காளியை ராஜ்மா முழுக்க வெந்தபின் சேருங்கள்.

வெங்காயத்தை 700 கிராம் வரை கூட்டுங்கள். எண்ணெயில் கை சுருக்க வேண்டாம். கறியிலிருந்து வரும் கொழுப்பு இங்கே இல்லை, பாப்ரிகா கரைய ஏதாவது வேண்டுமே. புகையூட்டிய பாப்ரிகா ஸ்பெயின் நாட்டுப் பழக்கம், ஹங்கேரிய குலாஷில் போடுவதில்லை. ஆனாலும் பயறு குலாஷின் புகை மணம் கறியிலிருந்து வருவது என்பதால், சைவமாகச் செய்யும்போது அரைத் தேக்கரண்டி சேர்ப்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

சோயா உருண்டை போடுபவர்கள், வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழிந்து, எண்ணெயில் வறுத்துப் போடுங்கள். பிழியாமல் போட்டால் அதன் வாசனை சட்டி முழுக்கப் பரவும்.

காளான் பாப்ரிகாஷாக மாற்றி புளிப்பு கிரீமோ தயிரோ சேர்க்கும்போது திரிந்துபோனால், சூடான சாறில் நேரே ஊற்றியிருக்கிறீர்கள். ஒரு கரண்டி மைதாவைத் தயிரில் கட்டியில்லாமல் அடித்து, சூடான சாறில் இரண்டு கரண்டி எடுத்து அதில் கலந்து, பிறகு அடுப்பைக் குறைத்து ஊற்றுங்கள். மாவு வேண்டாம் என்று மேலே சொன்னது குலாஷுக்கு. பாப்ரிகாஷில் அது முறையானதே.

சிபெத்கே கரைகிறது, அல்லது கல் மாதிரி இருக்கிறது

சிபெத்கே என்பது குலாஷில் கடைசியில் போடும் கிள்ளிய மாவுத் துண்டு. 1 முட்டை, 100 கிராம் அளவுக்கு மைதா, உப்பு, தண்ணீர் சேர்ப்பதில்லை. மாவு பூரி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் சாறில் கரைந்து கலங்கலாக்கிவிடும். பிசைந்து 20 நிமிடம் மூடி வைத்து, மெல்லியதாகத் தட்டி, விரல் நகம் அளவுக்குக் கிள்ளிப் போடுங்கள். பெரிதாகக் கிள்ளினால் உள்ளே வேகாமல் கல்லாக நிற்கும். எட்டுப் பத்து நிமிடத்தில் மேலே மிதந்து வரும்.

குலாஷ் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்பதால் கூடுதலாகச் செய்து வைப்பவர்கள் கவனிக்க: சிபெத்கே ராத்திரியோடு சாறு முழுக்க உறிஞ்சிவிடும். மிச்சம் வைக்கப் போகிறீர்கள் என்றால் அன்றைக்குத் தேவையான சாறைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து அதில் மட்டும் போடுங்கள். மீதி மாவைத் துணியில் பரப்பிக் காயவைத்துவிட்டால், மறுநாள் சூடாக்கும்போது புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தால் உருளைக்கிழங்கையும் எடுத்துவிடுங்கள், உறைந்து உருகியபின் அது மணல் மணலாகிவிடும்.